30 வீடு, ஒரே அரண்மனை!

இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம் இருக்கிறது. லண்டனுக்கு மேற்கே சுமார் 100 மைல் தூரத்தில் உள்ளது.

அந்த ஊரில் ஒரு மேட்டின் மேல், பிறைச் சந்திரனைப் போல வளைந்து நிற்கிறது ஒரு கட்டிடம். எதிரே பச்சைப் பசேல் என்று புல்வெளி. தேன் நிறக் கல்லால் ஆன சுவர். நீளம் சுமார் 500 அடி. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 114 தூண்கள்!

தூரத்தில் நின்று பார்ப்பவர்கள், இது எந்த ராஜாவின் அரண்மனை என்று கேட்பார்கள்.

அது அரண்மனை அல்ல. 30 வீடுகள்! சுவரோடு சுவர் ஒட்டிய 30 தனித்தனி வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் முகம் மட்டும் ஒன்று.

பல பேருடைய வீடுகளை ஒன்றாகச் சேர்த்து, ஓர் அரண்மனையின் அழகை அவற்றுக்குக் கொடுக்கலாம் என்று பாத் நகருக்குக் காட்டியவர் ஒரு சாதாரணக் கட்டிடக்காரரின் மகன். அவர் பெயர் ஜான் உட்.

ஆனால் இந்தப் பிறை வடிவக் கட்டிடத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதற்குமுன் அவர் எழுப்பத் தொடங்கிய வட்ட வடிவக் கட்டிடத்தையும் அவர் முடித்துப் பார்க்கவில்லை. ஏன்? அதுதான் கதை.

வெந்நீர் ஊற்று

பாத் நகரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பொங்கி வருகிறது. இயற்கையாகவே சுடும் நீர். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது! வாதம், மூட்டுவலி, தோல் வியாதி எல்லாவற்றுக்கும் அந்த நீர் மருந்து என்று ஜனங்கள் நம்பினார்கள்.

1702-லும் 1703-லும் ஆன் ராணி அந்த ஊருக்கு வந்தார். ராணி போன ஊருக்குப் பிரபுக்கள் போகாமல் இருப்பார்களா? கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். குளிப்பு ஒரு பக்கம். சீட்டாட்டமும் நடனமும் மறு பக்கம்.

ராணி வந்து போன மறு ஆண்டு, 1704-ல், அதே ஊரில் ஜான் உட் பிறந்தார். தந்தை ஜார்ஜ் உட், உள்ளூரில் கட்டிட வேலை செய்தவர். கல்லும் சுண்ணாம்பும் உளிச் சத்தமும் அந்தச் சிறுவனுக்கு விளையாட்டுப் பருவத்திலேயே பழக்கமாகி விட்டன.

அப்போது பாத் மிகச் சிறிய ஊர். பழைய மதிலுக்குள் குறுகலான சந்துகள். பிரபுக்கள் வந்து தங்குவதற்கு நல்ல வீடுகள் இல்லை. வாடகை அறைகளின் தரையில் அழுக்குத் தெரியாமல் இருக்கப் புகைக்கரியையும் பீரையும் கலந்து பூசினார்கள் என்று உட் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

வருகிறவர்கள் பட்டும் ஜரிகையும் உடுத்திய சீமான்கள். தங்குவதோ கரி பூசிய அறை! இது உட்டின் மனத்தில் பதிந்து விட்டது.

லண்டனில் கற்ற பாடம்

உட் இளம் வயதிலேயே ஊரை விட்டு வெளியேறினார். லண்டனிலும், வடக்கே யார்க்ஷயரிலும் வேலை செய்தார்.

லண்டன் அப்போது வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. பிரபுக்கள் தங்கள் வயல்களையும் தோட்டங்களையும் மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். கொத்தனார்களும் தச்சர்களும் அந்த மனைகளை எடுத்து, சுவரோடு சுவராக வரிசை வீடுகள் கட்டி விற்றார்கள். இந்தத் தொழிலின் நெளிவு சுளிவுகளை உட் கற்றுக் கொண்டார்.

வரிசை வீட்டில் லாபம் அதிகம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர் போதும். மனையின் அகலம் குறைவு. ஆகவே தெருவில் அதிக வீடுகள் அடங்கும். குளிர் நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பக்கமும் அடுத்த வீடு இருப்பதால் சூடு வீணாகாது.

குறையும் உண்டு. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. முன்னாலும் பின்னாலும்தான் வெளிச்சம். அதனால் வீடு ஒல்லியாகவும் உயரமாகவும் வளரும்.

1725-ல் யார்க்ஷயரில் இருக்கும்போது உட்டுக்கு ஒரு செய்தி எட்டியது. பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து பாத் வரை ஏவன் நதியில் படகு செல்லும்படி நதியைச் சீர்படுத்தப் போகிறார்கள் என்பதே அந்தச் செய்தி.

உட்டுக்கு உடனே புரிந்தது. படகு வந்தால் மரமும் ஓடும் கண்ணாடியும் சுலபமாக வந்து சேரும். வீடு கட்டலாம். தெருக்கள் கட்டலாம். ஏன், ஒரு நகரமே கட்டலாம்!

பிறந்த ஊரின் வரைபடத்தைத் தருவித்தார். அதன் மேல் புதிய நகரம் ஒன்றை வரைந்தார். அப்போது அவருக்கு வயது 21.

நகரசபை மறுத்தது

1727-ல் உட் பாத் நகருக்கே வந்து குடியேறினார். அந்த ஆண்டு அந்த ஊரில் ஒரு விசித்திரம் நடந்தது. கழிவுநீர்க் கால்வாய் தோண்டிய ஆட்கள், பொன் முலாம் பூசிய வெண்கலத் தலை ஒன்றை மண்ணிலிருந்து எடுத்தார்கள். அது மினர்வா என்ற ரோமானிய தேவதையின் தலை. பழைய ரோமாபுரி மக்கள் அந்த ஊற்றைச் சுற்றிக் கோயிலும் குளியல் மண்டபமும் கட்டி வாழ்ந்தவர்கள்.

உட் மகிழ்ந்து போனார். ரோமானியர் வாழ்ந்த ஊரில் ரோமானிய அழகுள்ள நகரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய சதுக்கம், விளையாட்டு அரங்கு, சபை கூடும் மைதானம் எல்லாம் அவருடைய திட்டத்தில் இருந்தன.

திட்டத்தை நகரசபை பார்த்தது. இது நடக்கிற காரியம் அல்ல, வெறும் கனவு என்று ஒதுக்கி விட்டது.

20 வயதைத் தாண்டிய இளைஞர். கையில் பெரிய செல்வம் இல்லை. நகரசபையின் ஆதரவும் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் லண்டனுக்கே திரும்பியிருப்பார். உட் திரும்பவில்லை. நகரசபையின் எல்லைக்கு வெளியே, மதிலுக்கு அப்பால் இருந்த வயலைப் பார்த்தார்.

முகம் எனது, முதுகு உனது

அந்த வயலின் சொந்தக்காரர் ராபர்ட் கே. லண்டனில் ரண வைத்தியராக இருந்தவர். 1728-ல் உட் அவரிடமிருந்து நிலத்தை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்.

இனிமேல்தான் அவருடைய யுக்தி வருகிறது. கவனியுங்கள்.

எல்லா வீடுகளையும் தாமே கட்ட உட்டிடம் பணம் கிடையாது. ஆகவே நிலத்தை மனைகளாகப் பிரித்தார். கொத்தனார், தச்சர், பணம் போடத் தயாராக இருந்த வியாபாரி என்று பலருக்கும் மறு குத்தகைக்கு விட்டார். வருஷா வருஷம் அவர்கள் தரை வாடகை கொடுக்க வேண்டும். வீடு கட்டும் செலவு அவர்களுடையது. லாபமும் அவர்களுடையது.

அக்காலத்து இங்கிலாந்தில் பெயரளவு வாடகைக்குப் பத்திரத்தில் ஒரு மிளகு என்று எழுதும் வழக்கம் உண்டு. கட்டுகிறவனுக்குத் தொடக்கத்தில் சுமை இருக்கக் கூடாது என்பதற்காக இப்படிப்பட்ட சலுகைகள் கொடுத்தார்கள்.

உட் போட்ட முக்கியமான நிபந்தனை ஒன்றுதான். தெருவைப் பார்த்த முகப்பு மட்டும் அவர் வரைந்து கொடுத்த படத்தின்படி இருக்க வேண்டும். தூண் எங்கே, ஜன்னல் எங்கே, உயரம் எத்தனை அடி என்பதை அவர் சொல்வார். உள்ளே எத்தனை அறை, பின்னால் எப்படி என்பது அவரவர் இஷ்டம்!

ஆகவே பாத் நகர வீடுகளை முன்னால் பார்த்தால் ஒரே ஒழுங்கு. பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு வீடு உயரம், ஒரு வீடு குட்டை. ஒன்றில் பெரிய ஜன்னல், இன்னொன்றில் சிறிய ஜன்னல். சிரிப்பு வரும்!

இப்படி எழுந்ததுதான் குவீன் சதுக்கம். வேலை 1736 வரை நடந்தது. அதன் வடக்குப் பக்கத்தில் 7 வீடுகள். நடு வீட்டுக்கு மேலே முக்கோண முகடு. இரண்டு ஓரங்களிலும் சற்று எடுப்பான வீடுகள். 7 வீடும் சேர்ந்து ஒரு பிரபுவின் மாளிகை போல் தோன்றும்.

சதுக்கத்தின் தரை சரிவானது. அதை மட்டப்படுத்த உட் விரும்பினார். கணக்குப் போட்டார். செலவு மிக அதிகம். சரிவாகவே விட்டு விட்டார். மேற்குப் பக்கத்திலும் அவர் நினைத்தபடி அமைக்க முடியவில்லை. கனவு பெரிதாக இருந்தாலும் உட் கணக்கை மறப்பவர் அல்ல.

அதே சதுக்கத்தில் தாமும் ஒரு வீட்டில் குடியிருந்தார்.

வீட்டுக்குள்ளே

அந்த வரிசை வீடு ஒன்றுக்குள் நுழைந்து பார்ப்போமா?

தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு தளம். அங்கேதான் சமையலறை. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் வழியாகச் சமையலறைக்கு வெளிச்சம் வரும். நடைபாதைக்கு அடியில் வளைவான நிலவறை. அதில் நிலக்கரி கொட்டி வைப்பார்கள். தெருவில் நடப்பவர்களின் காலுக்குக் கீழே கரிக் கிடங்கு இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது!

தெரு மட்டத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில் வரவேற்புக் கூடம். வீட்டிலேயே உயரமான ஜன்னல்கள் இங்கேதான். விருந்தாளிகள் வருவதும், பாட்டுக் கச்சேரி நடப்பதும் இந்த மாடியில். அதற்கு மேல் படுக்கை அறைகள்.

எல்லாவற்றுக்கும் உச்சியில், கூரைக்கு அடியில் வேலைக்காரர்களின் அறை. கோடையில் வெக்கை; குளிர்காலத்தில் நடுக்கம்.

சமையல் அடித்தளத்தில், படுக்கை உச்சியில். ஒரு வேலைக்காரப் பெண் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பாள்! நிலக்கரி மேலே போகும். சாம்பல் கீழே வரும். வெந்நீர் மேலே போகும். அழுக்குத் தண்ணீர் கீழே வரும். வெளியே தெரிந்த அழகை உள்ளே தாங்கி நின்றவை அந்தக் கால்கள்.

தேன் நிறக் கல்

பாத் நகரின் அழகில் பாதி அதன் கல்லில் இருக்கிறது. பக்கத்துக் குன்றுகளில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல் அது. பூமியிலிருந்து எடுத்தவுடன் மெதுவாக இருக்கும், ரம்பத்தால் அறுக்கலாம். காற்றுப் பட்டதும் இறுகும். நிறம் வெளிறிய தேன்.

அந்தக் கல்லைத் தோண்டி விற்றவர் ரால்ப் ஆலன். பாத் நகரத் தபால் அதிகாரியாக இருந்து, தபால் போக்குவரத்தைச் சீர்திருத்திப் பணம் சேர்த்தவர். கூம் டவுன் என்ற குன்றில் கல் சுரங்கங்களை வாங்கினார். 1731-ல் குன்றிலிருந்து நதிக்கரை வரை மரத் தண்டவாளம் போட்டார். கல் ஏற்றிய வண்டிகள் தங்கள் பாரத்தாலேயே கீழே உருண்டு வந்தன. காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்தன. இங்கிலாந்தில் நீராவி ரயில் ஓடுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இது நடந்தது!

லண்டன் கட்டிடக்காரர்கள் அந்தக் கல்லை மெதுவான கல் என்று ஏளனம் செய்தார்கள். ஆலனுக்கு ரோஷம் வந்தது. அதே கல்லில் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். அந்த மாளிகைதான் பிரையர் பார்க். வரைந்தவர் உட்.

ஆனால் வேலை முடியும் முன்பே இருவருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது. ஒரு பகுதியை ஆலன் வேறு ஆளை வைத்துக் கட்டி முடித்தார். தாம் வரைந்த கோட்டைப் பிறர் மாற்றுவதை உட்டால் பொறுக்க முடியவில்லை.

அதே ஆலனுக்காக உட் வேறொரு வேலையும் செய்திருந்தார். சுரங்கத்தில் கல் வெட்டும் தொழிலாளிகளுக்குக் கூம் டவுனில் வரிசை வீடுகள் வரைந்து கொடுத்தார். தூண் இல்லாத எளிய வீடுகள். கல் வெட்டியவனுக்கும் கல் வீடு கிடைத்தது.

1738-ல் ஏழை நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வரும் ஏழைகளுக்கு அங்கே வெந்நீர்ச் சிகிச்சை. ஆலன் கல்லை இலவசமாகக் கொடுத்தார். ஊரின் கேளிக்கைகளை நடத்தி வந்த நாஷ் என்பவர் பணம் திரட்டினார். உட் காசு வாங்காமல் படம் வரைந்து கொடுத்தார். 1742-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

பன்றி மேய்த்த இளவரசன்

உட்டுக்கு ஒரு விசித்திர நம்பிக்கை இருந்தது. பாத் நகரம் ரோமானியருக்கும் மிக முந்தியது என்று அவர் நம்பினார்.

அந்த ஊரில் ஒரு பழங்கதை உண்டு. பிளாதுத் என்று ஓர் இளவரசன். அவனுக்குக் குஷ்ட நோய் வந்தது. அரண்மனையை விட்டுத் துரத்தி விட்டார்கள். அவன் பன்றி மேய்த்துப் பிழைத்தான். பன்றிகளுக்கும் நோய் தொற்றியது. ஒரு நாள் பன்றிகள் ஒரு வெந்நீர்ச் சேற்றில் விழுந்து புரண்டன. என்ன ஆச்சரியம்! நோய் மறைந்து விட்டது. இளவரசனும் அதில் குளித்தான். அவனும் குணமானான். பிறகு அரசனாகி, அந்த ஊற்றின் பக்கத்திலேயே நகரம் அமைத்தான்.

இது கதைதான். சரித்திரம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உட் இதை உண்மை என்றே நம்பினார். இங்கிலாந்தின் ஆதி குருமார்களான துரூயிதர்கள் அங்கே ஒரு பெரிய நகரைக் கட்டியிருந்தார்கள் என்று புத்தகமே எழுதினார்.

பாத் நகருக்குத் தென்கிழக்கே ஸ்டோன்ஹெஞ்ச் என்ற இடத்தில் ராட்சதக் கற்கள் வட்டமாக நிற்கின்றன. 1740-ல் உட் அங்கே போய் ஒவ்வொரு கல்லையும் அளந்தார். அவருடைய ஆராய்ச்சி முடிவுகள் தவறாகப் போயின. ஆனால் அளவு துல்லியமாக இருந்தது. இக்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கும் அந்த அளவு பயன்படுகிறது.

அந்தக் கல் வட்டம் அவர் மனத்தை விட்டுப் போகவே இல்லை.

வட்டத் தெரு

இடையில் உட் பெயர் பரவியது. பிரிஸ்டலில் வியாபாரிகள் கூடும் மண்டபம் கட்டினார். 1743-ல் அது முடிந்தது. லிவர்பூல் நகரத்திலும் அதுபோல ஒன்று கட்ட அழைப்பு வந்தது. மகனையும் கூட அழைத்துப் போய் வேலை பழக்கினார். மகன் பெயரும் ஜான் உட்தான். 1728-ல், குவீன் சதுக்கம் தொடங்கிய ஆண்டில் பிறந்தவர்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. பாத் நகரில் நதிக்கரைத் தாழ்நிலத்தில், வளைவுகளின் மேல் தரையை உயர்த்தி, ஒரு பெரிய மைதானமும் சுற்றிலும் வீடுகளும் அமைக்க ஆசைப்பட்டார். 1740-க்குப் பிறகு வடக்கு வரிசை, தெற்கு வரிசை என்று சில தெருக்கள் எழுந்தன. மைதானம் கனவாகவே நின்று விட்டது.

வயது 50-ஐ நெருங்கியது. அப்போதுதான் அவருடைய மிகப் பெரிய கனவுக்கு வேளை வந்தது. 25 ஆண்டுகளுக்கு முன் நகரசபை மறுத்த திட்டத்தில் இருந்த வட்டம்!

குவீன் சதுக்கத்திலிருந்து கே தெரு மேடேறிப் போகிறது. அதன் உச்சியில் வட்டமாக ஒரு வரிசை வீடு. குறுக்களவு 318 அடி. மூன்று தெருக்கள் அதில் வந்து சேரும். எந்தத் தெரு வழியாக நுழைந்தாலும் எதிரே வளைந்த வீட்டு வரிசை ஒன்று உங்களை வரவேற்கும். மொத்தம் 33 வீடுகள்.

ரோமாபுரியின் பெரிய அரங்கத்தில் தூண்கள் வெளிப்பக்கம் இருக்கும். உட் அதை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டது போல் வரைந்தார். கீழ்த் தளத்தில் ஒருவகைத் தூண், நடுத் தளத்தில் வேறுவகை, மேல் தளத்தில் இன்னொரு வகை. தூண்களுக்கு மேலே சுற்றிலும் 525 சிறு சிற்பங்கள்: பாம்பு, கப்பல் சின்னம், கலைகளின் சின்னம் என்று பல.

கூரை ஓரத்தில் பெரிய பெரிய கல் கொட்டைகள் நிற்கின்றன. கருவாலி மரத்தின் கொட்டை அது. பன்றிகளுக்குப் பிரியமான உணவு. இளவரசன் மேய்த்த பன்றிகளின் நினைவு என்று ஊரார் சொல்கிறார்கள்.

1754 பிப்ரவரியில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு மே 23-ந் தேதி ஜான் உட் காலமானார். வயது 49.

சுவர் எழுவதற்கு முன்பே அவர் போய் விட்டார். பக்கத்தில் உள்ள ஸ்வெயின்ஸ்விக் என்ற கிராமத்து மாதாகோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மகன் எடுத்த பொறுப்பு

மகனுக்கு அப்போது வயது 26. தந்தை விட்டுப் போனது பாதி வட்டம் கூட அல்ல. தோண்டிய அஸ்திவாரமும் வரைந்த படமும்தான்.

மகன் படத்தை மாற்றவில்லை. கடன் வாங்கினார். மனைகளைக் குத்தகைக்கு விட்டார். வீடு வீடாக எழுப்பினார். சுமார் 14 வருஷம் ஆயிற்று. 1768-ல் வட்டம் முழுமை அடைந்தது.

வட்டம் முடிவதற்குள் மகன் தம் சொந்தக் கற்பனைக்கு வந்து விட்டார். வட்டத்திலிருந்து மேற்கே ஒரு சிறு தெரு. அந்தத் தெருவின் முடிவில் திடீரென்று வெட்டவெளி. அங்கே 1767-ல் பிறை வடிவில் வீடுகள் கட்டத் தொடங்கினார். அதுதான் நாம் முதலில் பார்த்த 30 வீடுகள். ராயல் கிரசென்ட் என்று பெயர். 1775 வாக்கில் முடிந்தது.

தந்தையின் வட்டம் உள்பக்கம் பார்க்கிறது. மகனின் பிறை வெளிப்பக்கம், வயலையும் வானத்தையும் பார்க்கிறது. நடுவே ஒரு பள்ளமும் சுவரும் உண்டு. வீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஆடு மாடுகள் ஜன்னலடியில் மேய்வது போலத் தோன்றும். ஆனால் அவை புல்வெளியைத் தாண்டி வர முடியாது!

சதுரம், வட்டம், பிறை. தந்தையும் மகனும் போட்ட இந்த மூன்று கோலங்களை இன்று அரை மணி நேரத்தில் நடந்தே பார்த்து விடலாம். கட்டி முடிக்க அவர்களுக்கு ஆனது 47 வருஷம்.

யார் யார் இருந்தார்கள்?

வட்டத் தெருவில் ஓவியர் கெயின்ஸ்பரோ குடியிருந்தார். பிரதமர் பிட் இருந்தார். 14-ஆம் எண் வீட்டின் சுவரில் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் பொறித்த பலகை இருக்கிறது. ராபர்ட் கிளைவ்! 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் பெற்ற அதே கிளைவ்தான். இந்தியாவில் குவித்த செல்வத்தோடு ஊர் திரும்பிய பலர் இப்படிப்பட்ட வீடுகளில் உடல்நலம் தேடி வந்தார்கள். கிளைவ் 1774-ல் இறந்தார்.

1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் பாத் நகரின் மேல் குண்டு போட்டன. 400-க்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். மகன் உட் கட்டிய நடன மண்டபம் எரிந்தது. பிறை வரிசையில் சில வீடுகள் உள்ளே எரிந்து கூடாயின. குவீன் சதுக்கமும் தப்பவில்லை.

வரிசை வீட்டில் ஒரு வீடு போனால், பல் விழுந்த வாய் போல் ஆகிவிடும். ஆகவே ஊரார் விழுந்த இடங்களைப் பழைய முகப்பின்படியே மீண்டும் கட்டினார்கள். நடன மண்டபம் 1963-ல் மறுபடி திறக்கப்பட்டது. 1987-ல் பாத் நகரம் முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிறை வரிசையின் முதல் வீடு இன்று காட்சிசாலை. மற்றவற்றில் பலவற்றில் இப்போதும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

கடைசிப் புத்தகம்

மகன் உட் பணக்காரராகச் சாகவில்லை. கடனோடுதான் காலமானார். பிறை வரிசையைக் கட்டியவருக்கு மிஞ்சியது அதுதான்.

ஆனால் அவர் 1781-ல் ஒரு நூல் வெளியிட்டார். அரண்மனை பற்றிய நூல் அல்ல. கூலித் தொழிலாளியின் குடிசை பற்றிய நூல்!

சீமான்களுக்கு வீடு கட்டிய அந்த மனிதர், குடிசை குடிசையாகப் போய்ப் பார்த்தார். ஈரத் தரை, ஒழுகும் கூரை, ஒரே அறையில் அம்மா அப்பா பிள்ளைகள் எல்லோரும். ஏழையின் வீடும் உலர்ந்ததாக, கதகதப்பாக, வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று எழுதினார். அதற்குப் படங்களும் வரைந்து காட்டினார்.

அதில் ஒரு யோசனை முக்கியமானது. குடிசைகளைத் தனியாகக் கட்டாதீர்கள்; இரண்டிரண்டாகக் கட்டுங்கள் என்றார். ஒரு வீட்டில் யாராவது நோயில் படுத்தால், அடுத்த வீட்டார் ஓடி வந்து உதவ முடியும் என்பதே அவர் சொன்ன காரணம்.

தந்தை வீடுகளை ஒட்டிக் கட்டியது அழகுக்காக; லாபத்துக்காக. மகனும் வெகு காலம் அப்படித்தான் கட்டினார். கடைசியில் அவர் வேறொரு காரணத்தைக் கண்டுகொண்டார். நடுவில் இருப்பது ஒரே சுவர். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் கேட்கும்.